3 லட்சத்தில் ஐந்து பேர் கப்பலேற முடியுமா?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறோம். நான், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், 66 வயது மாமியார் என ஐந்து பேர். வரும் மே விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து 3 இரவு கப்பல் பயணம் போக ஆசை. விசாரித்த இடத்தில் ‘ஒருவருக்கு 28,000 ரூபாய் முதல்’ என்கிறார்கள். போர்ட் கிளாங் போய்வரும் வார இறுதிப் பயணமாம். நான்கு பேருக்கு ஒரு கேபின், மாமியாருக்குத் தனியாக ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களால் முடிந்தது எல்லாம் சேர்த்து 3 லட்சம்தான். மாமியார் சைவம், பிபி, சுகர் உண்டு. கப்பலில் ஏறிய பிறகு எதற்கெடுத்தாலும் காசு கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

போகலாம். ஆனால் அவர்கள் சொன்ன ஏற்பாட்டில் வேண்டாம். நாள், ஊர், கேபின் மூன்றையும் மாற்றிக் கேளுங்கள். கப்பலில் ஏறிய பிறகு ஆகும் செலவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைக் கட்டுப்படுத்துவது சுலபம். பணம் கைநழுவிப் போவது முன்பதிவு செய்யும் மேசையில்தான்.

முதலில் கேபின். ‘ஒருவருக்கு 28,000’ என்பது ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு ஆகும் கட்டணம். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேருபவருக்குக் கட்டணம் குறையும். சில சலுகைக் காலங்களில் அது இல்லாமலே போகும். துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் கட்டினால் போதும். ஆனால் ஒரே ஆள் ஒரு கேபினை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். இப்போது உங்களுக்குச் சொன்ன 4+1 ஏற்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். நால்வர் கேபினில் இரண்டு முழுக் கட்டணம், இரண்டு குறைந்த கட்டணம். மாமியாரின் கேபினுக்கு இரண்டு முழுக் கட்டணம். ஆக நான்கு முழுசு, இரண்டு குறைந்தது. அதையே 3+2 ஆகப் பிரித்தால் நான்கு முழுசு, ஒரே ஒரு குறைந்த கட்டணத்தோடு முடிந்துவிடும். செலவு குறைவதோடு, வயதானவரைத் தனியாக விட வேண்டியதில்லை. குளியலறையும் மூவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

யார் எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மூன்றாவது படுக்கை என்பது பல கேபின்களில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல் படுக்கை. ஏணி வைத்து ஏற வேண்டும். 4 வயதுக் குழந்தையையோ மாமியாரையோ அதில் படுக்க வைக்கக் கூடாது. எனவே நீங்களும் கணவரும் மகளும் ஒரு கேபின்; கீழே உள்ள இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போடச் சொல்லி, மகளை நடுவில் படுக்க வைத்துக்கொள்ளலாம். மாமியாரும் மகனும் அடுத்த கேபின். அங்கே கட்டில்களைப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். இரண்டு கேபினும் அடுத்தடுத்தோ எதிரெதிரோ இருக்க வேண்டும் என்பதை முன்பதிவிலேயே எழுதி வாங்குங்கள். ‘கியாரண்டி கேபின்’ என்று இன்னும் கொஞ்சம் மலிவாக ஒன்று இருக்கும். அதில் எந்த எண் கிடைக்கும் என்பது கப்பல் நிறுவனத்தின் விருப்பம். ஒன்று 6ஆம் தளத்திலும் இன்னொன்று 11ஆம் தளத்திலும் விழலாம். இரண்டு கேபின் எடுக்கும் உங்களுக்கு அது சரிப்படாது.

ஜன்னல் இல்லாத இன்சைட் கேபினே போதும். 3 இரவுப் பயணத்தில் தூங்குவதற்கும் குளிப்பதற்கும் தவிர யாரும் அறைக்கு வருவதில்லை. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குப் பதில், அதே கடலை மேல்தளத்திலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சிக்கல் உண்டு: விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, காலை ஆறா பத்தா என்று தெரியாது. குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். மாமியார் இரவில் எழுந்து போகவும் வசதி. உங்கள் கப்பல் போகும் மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் சூழ்ந்த கடல் என்பதால் பொதுவாக ஆட்டம் குறைவு. அப்படியும் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். முன்னும் பின்னும் உச்சியிலும்தான் ஆட்டம் அதிகம் தெரியும்.

அடுத்தது நாள். வெள்ளி கிளம்பித் திங்கள் திரும்பும் பயணத்தைச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் அதிக விடுப்பு எடுக்காமலே மொய்த்துக்கொள்வார்கள். வார நாளில் கிளம்பும் பயணம் பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடு ஆண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை நீளும். அதற்கு முன், மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் ஒரு வார நாளைப் பிடியுங்கள். மே தினம், விசாக தினம் ஒட்டிவரும் நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். நம் காலாண்டு விடுமுறையும் நல்ல சமயம்தான். சிங்கப்பூரில் அப்போது பள்ளி நடக்கும். ஃபார்முலா 1 கார் பந்தய வாரத்தில் மட்டும் ஹோட்டல் வாடகை எகிறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருக்காதீர்கள். இருவராகப் போகிறவர்களுக்கு அது சில சமயம் பலிக்கும். மூன்று, நான்கு பேர் தங்கும் கேபின்கள் கப்பலில் குறைவு. போதாததற்கு ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகில் இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால், கேபின் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் ஐந்தாறு மாதம் முன்பே போட்டுவிடுவதுதான் லாபம்.

மூன்றாவது, ஊர். போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்கும் இடம் கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், ஐந்து பேருக்கு வண்டிக் காசு. பார்க்கக் கிடைப்பது என்னவோ கொஞ்ச நேரம். அதற்குப் பதில் பினாங்கு போகும் பயணமாகக் கேளுங்கள். அங்கே கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வாழையிலைச் சாப்பாடும் மசால் தோசையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கிராப் செயலியில் வண்டி பிடியுங்கள். மேல் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள்; மாமியாருக்கு ஒத்துவராது, அடிவாரத்தில் கும்பிட்டுக்கொள்ளலாம். கப்பலில் விற்கும் சுற்றுலாப் பேருந்துக்கு இங்கே அவசியமே இல்லை.

ஆனால் ஒன்று. கப்பலில் விற்கும் ஊர் சுற்றும் பேருந்தில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காக நிற்காது. ‘அனைவரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்’ என்று அறிவிப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரக் கணக்கு, குழப்பம் இல்லை. ஒருவேளை புக்கெட் போகும் பயணம் கிடைத்தால் கவனம்: தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக மணியை மாற்றிக் காட்டும், கப்பலோ தன் மணியில்தான் புறப்படும்.

விலை கேட்கும்போது ‘முதல்’ என்று முடியும் எந்தத் தொகையையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்து பேருக்கும், இரண்டு கேபினுக்கும், துறைமுகக் கட்டணம், வரி, ஜிஎஸ்டி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். டிப்ஸ்தான் நம்மவர்களைக் கடைசி நாளில் தூக்கிவாரிப் போடும் விஷயம். பெரிய கப்பல்களில் அது தலைக்கு, இரவுக்கு 18 அமெரிக்க டாலர் அளவில், குழந்தைக்கும் சேர்த்துத் தானாகக் கணக்கில் ஏறும். ஐந்து பேர், மூன்று இரவு என்றால் 270 டாலர். நம் காசுக்கு 23 ஆயிரத்துக்கு மேல். தவிர்க்க வழி தேடுவதை விட முதலிலேயே ஒதுக்கிவைப்பது நிம்மதி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) என்று தொகையில் ஒரு பங்கைத் தனியாகப் பிடிப்பார்கள். அது வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது. பணம் கட்டும்போது வருமான வரி ரிட்டர்ன் போடுபவரின் பான் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

உங்கள் 3 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். இது விலைப்பட்டியல் அல்ல, தாண்டக் கூடாத வரம்பு. திருச்சி–சிங்கப்பூர் நேரடி விமானம், போகவர ஐந்து பேருக்கும் பெட்டிக் கட்டணத்தோடு 80,000. கப்பல் கட்டணமும் துறைமுக வரியும் 1,35,000. டிப்ஸ் 24,000. விசாவும் காப்பீடும் 20,000. சிங்கப்பூரில் ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு, ரயில், பினாங்குச் செலவு 25,000. கப்பலில் சில்லறைச் செலவு 6,000. மீதி 10,000 கையிருப்பு. 3+2, வார நாள், இன்சைட் கேபின் என்று கேட்டும் கப்பல் கட்டணமும் துறைமுக வரியும் அந்த 1,35,000ஐத் தாண்டினால் மே மாதத்தை விட்டுவிட்டுக் காலாண்டு விடுமுறைக்குப் பாருங்கள். கடன் வாங்கிக் கப்பலேற வேண்டாம்.

ஆவணங்களில் தவறினால் துறைமுகத்தோடு திரும்ப வேண்டியதுதான், காசும் வராது. நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒரு முறை, கப்பலில் திரும்பி ஒரு முறை. எனவே பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கப்பல் பயணம் என்று சொல்லி முன்பதிவுச் சீட்டை இணையுங்கள், வந்த விசாவில் பலமுறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விசா ஒரு விண்ணப்பத்துக்கு 30 சிங்கப்பூர் டாலர், குழந்தைக்கும் உண்டு. முகவர் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பயணம் முடிந்த பின்னும் 6 மாதம் செல்ல வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்; கப்பலில் திரும்பும்போது இன்னொரு முறை. இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு போவதென்றால் முன்பதிவுக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு மின் வருகை அட்டை உண்டு. இந்த அட்டைகள் இரண்டும் இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் காசு கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல.

நம் ஊர் பாஸ்போர்ட்டுக்கே உரிய தொல்லை ஒன்று: சர்நேம் கட்டம் காலியாக இருப்பது. விமானச் சீட்டில் ஒரு மாதிரி, கப்பல் சீட்டில் ஒரு மாதிரி, தகப்பனார் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று போட்டுவிடுவார்கள். மாமியாரின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள், அந்தத் தலைமுறைக்கு இது அதிகம். முழுத் தொகை கட்டுவதற்கு முன்பே எல்லாச் சீட்டிலும் பெயர் ஒன்றுபோல இருக்கும்படி திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்தினால் கட்டணம் கேட்பார்கள்.

காப்பீடு எடுக்கும்போது மாமியாரின் பிபி, சுகரை மறைக்க வேண்டாம். மறைத்தால் தேவைப்படும்போது காசு வராது. கப்பல் பயணமும், அவசரத்துக்குக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் டாலரில்தான் கட்டணம். இங்கே உள்ள மெடிக்ளைம் அங்கே செல்லாது. மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். கப்பலேறும்போது ஒப்படைக்கும் பெரிய பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும். வாந்தி மாத்திரையை, குறிப்பாகக் குழந்தைக்கும் பாட்டிக்கும், உங்கள் டாக்டரிடம் கேட்டு அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுவதில் பலன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும்.

அந்தக் கைப்பையிலேயே குழந்தைகளின் நீச்சல் உடையும் இருக்கட்டும். முதல் நாள் மதியம் எல்லோரும் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது நீச்சல் குளம் காலியாக இருக்கும். பருத்தி டி-ஷர்ட், நைட்டி, அரை நிக்கரோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா உடை வேண்டும். கப்பல் கடையில் அதை வாங்கினால் தாங்காது, திருச்சியிலேயே வாங்கிவிடுங்கள். டயப்பர் போட்ட குழந்தைக்கும் குளத்தில் அனுமதி இல்லை. மகள் பழகியிருந்தால் கவலை இல்லை. குழந்தைகள் கிளப் பெரும்பாலும் 3 வயதிலிருந்து சேர்த்துக்கொள்ளும். பகல் முழுக்க இலவசம், இரவு 10 மணிக்கு மேல்தான் மணிக்கணக்கில் காசு.

விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பதால் முந்தைய நாளே சிங்கப்பூர் போய்ச் சேருங்கள். தங்க லிட்டில் இந்தியா வசதி, சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். சிங்கப்பூரில் கப்பல் துறை இரண்டு இருக்கிறது, மரினா பேயில் ஒன்று, ஹார்பர்ஃப்ரண்டில் ஒன்று. உங்கள் சீட்டில் எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டுக்கும் எம்ஆர்டி ரயிலிலேயே போகலாம். முன்னதற்கு மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்க வேண்டும். இணையத்தில் செக்-இன் திறந்ததும் கிடைப்பதிலேயே முதல் நேரத்தைப் பிடியுங்கள். மதியம் 12 மணிக்குள் கப்பலில் இருந்தால் அன்றைய மதியச் சாப்பாடு கப்பலுடையது. ஐந்து பேருக்கு வெளியே ஆகும் செலவு மிச்சம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கட்டணத்திலேயே அடங்குவது: பஃபே, பெரிய உணவுக்கூடம், தண்ணீர், சாதாரண டீ, காபி, நாடக அரங்கு, நீச்சல் குளம், சறுக்கு. காசு கேட்பது: குளிர்பானம், மதுபானம், தனிப் பெயர் போட்ட உணவகங்கள், அறைக்கு வரவழைக்கும் சாப்பாடு, இணையம், புகைப்படம், வீடியோ கேம். உள்ளே நுழைந்ததும் சிரித்த முகத்தோடு நான்கு பேர் பானப் பொதி (மொத்தமாக முன்பணம் கட்டிப் பானங்கள் குடிக்கும் திட்டம்) விற்க நிற்பார்கள். குடிக்காத குடும்பத்துக்கு அது வேண்டவே வேண்டாம். நிகழ்ச்சிகளுக்குக் காசு இல்லை, ஆனால் இடம் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் கப்பலின் செயலியில் போட்டுவிடுங்கள். அந்தச் செயலி கப்பலின் வைஃபையில் இணையம் வாங்காமலே வேலை செய்யும். படம் எடுக்க ஓடிவருபவர்கள் எடுக்கட்டும், எடுப்பது இலவசம், வாங்கினால்தான் காசு.

கப்பலில் ரொக்கம் செல்லாது, அறைச் சாவி அட்டைதான் பணம். அதை எந்த அட்டையோடு இணைக்கிறீர்கள் என்பது முக்கியம். டெபிட் அட்டையோ ஃபாரெக்ஸ் அட்டையோ கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள். பயணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் விடுபடும். பினாங்கில் செலவுக்கு வைத்திருந்த பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாமல் போவது இப்படித்தான். கிரெடிட் அட்டை கொடுங்கள், அல்லது கவுன்டரில் ரொக்க முன்பணம் கட்டுங்கள். அதே கவுன்டரில் மகனின் அட்டையில் எதுவும் வாங்க முடியாதபடி தடை போடச் சொல்லுங்கள். 9 வயதுப் பையனுக்கு வீடியோ கேம் அறையில் அட்டையைத் தேய்ப்பது விளையாட்டின் ஒரு பகுதியாகத்தான் தெரியும்.

கரை விட்டதும் எல்லாக் கைப்பேசியையும் ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலே ஒரு சிக்னல் தரும்; சிங்கப்பூர், மலேசியாவுக்குப் போட்ட ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது. பையில் கிடக்கும் போன் தானாக வாட்ஸ்அப்பைப் புதுப்பித்தாலே ஆயிரக்கணக்கில் பில் வரலாம்.

மாமியாரின் சாப்பாட்டை முன்பதிவில் ‘இந்திய சைவம், முட்டையும் வேண்டாம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களின் பஃபேயில் இந்தியச் சாப்பாடு வைப்பது வழக்கம். ஆனால் மூன்று வேளையும் பருப்பு, பனீர், நான் என்று வடக்கத்திய வாசம்தான் அடிக்கும். முதல் இரவு பெரிய உணவுக்கூடத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுபவரிடம் மறுநாளைக்குத் தயிர், வெறும் சாதம், காரமில்லாத காய் வேண்டும் என்று சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். வீட்டில் கிளறிய புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், சமைத்த உணவைத் துறையிலேயே எடுத்துவிடுவார்கள். கடையில் சீல் வைத்து வாங்கிய முறுக்கு, பிஸ்கட் போகும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் காயில், எக்ஸ்டென்ஷன் பெட்டி எதுவும் கூடாது. ஒரு ஃபிளாஸ்க் எடுத்துப்போங்கள், பஃபேயில் வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசி இரவு பத்து மணிக்குள் செயலியிலோ அறை டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நீங்கள் வாங்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தால்கூட அன்றிரவே கவுன்டருக்குப் போய் எடுக்கச் சொல்லுங்கள்; காலையில் அங்கே வரிசை வளைந்து நிற்கும். பெட்டியைச் சுமக்க முடிந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு முதலில் இறங்கலாம். மாமியாரோடு போகும் நீங்கள் பெட்டிக்கு டேக் கட்டி இரவே வாசலில் வைத்துவிட்டு, காலை உணவை முடித்துக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். இமிக்ரேஷனும் பெட்டி வாங்குவதும் முடிய நேரம் பிடிக்கும் என்பதால், திருச்சி விமானம் பிற்பகல் 1 மணிக்குப் பிறகு கிளம்புவதாக இருக்கட்டும்.